குப்பையை அரைக்காதீர்கள்: வேஸ்ட்பேப்பர் மில்லுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பக்கத்து கிராஃப்ட் (பெட்டி செய்யும் பழுப்புப் பேப்பர்) மில்களில் புதிதாகச் சேரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். படித்துவிட்டு வருகிறார்கள், ஆர்வமும் இருக்கிறது, ஆனால் நாங்கள் எல்லாரும் அந்த வயதில் செய்து திட்டு வாங்கிய அதே தவறுகளைத்தான் அப்படியே திரும்பச் செய்கிறார்கள். வால்வை மூட மறப்பது, லாக்புக் எழுதாமல் போவது எல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை, ஷிப்ட் இன்சார்ஜ் ஒரு வாரத்தில் பழக்கிவிடுவார். இங்கே எழுதுவது மில்லுக்குப் பணமாக நஷ்டம் வரும் தவறுகள்.

வேலை என்ன என்பது தெரிந்ததுதான். பழைய அட்டைப்பெட்டியைப் பல்பரில் தண்ணீரோடு கலக்கி நாராகப் பிரிக்கிறோம். கல், மணல், பின், பிளாஸ்டிக், பசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிஞ்சிய நாரை ஒயர் என்கிற சல்லடை வலையில் விரித்து, பிரஸ்ஸில் பிழிந்து, டிரையரில் காயவைத்து ரீலாகச் சுற்றுகிறோம். அந்த ரீல் பெட்டி செய்கிறவர்களிடம் போய், பெட்டியாகி, கிழிந்து, பழைய பேப்பர் கடை வழியாக நம் யார்டுக்கே வருகிறது. பேப்பர் ஓட்டுவதைக் கற்றுக்கொள்ள எல்லாருக்கும் ஆசை. குப்பையை எடுப்பதில்தான் மில் பிழைக்கிறது என்பது புரியக் கொஞ்ச காலம் ஆகிறது.

பேலின் (கம்பி போட்டு இறுக்கிய பழைய பேப்பர் கட்டின்) மேல்பக்கத்தை மட்டும் பார்ப்பது

லாரி வந்ததும் ஈரமானியை வெளிப்பக்கம் நாலு இடத்தில் குத்திப் பார்த்து, சரி, பத்து சதவீதம் என்று கையெழுத்துப் போட்டு இறக்கிவிடுகிறார்கள். வெளிப்பக்கம் வெயிலில் காய்ந்திருக்கும். நடுவில் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். பத்து சதவீத ஈரம் என்று வாங்கிய ஒரு டன்னில் உண்மையில் இருபது சதவீதம் இருந்தால், நூறு கிலோ தண்ணீருக்கு நாம் பேப்பர் விலை கொடுத்திருக்கிறோம் என்று அர்த்தம். லோடுக்கு இரண்டு பேலாவது கம்பியை வெட்டிப் பிரித்துப் பாருங்கள், கையை உள்ளே விட்டுப் பாருங்கள். சப்ளையர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தூத்துக்குடியில் இறங்கும் இறக்குமதிச் சரக்கு என்றால் பிரிக்கவே வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அமெரிக்க தரப்பட்டியலில் 11-ஆம் நம்பர் ஓசிசி-க்கு (பழைய அட்டைப்பெட்டிச் சரக்குக்கு), இருக்கவே கூடாத பொருட்கள் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதி. விதியை ஒழுங்காக மதித்து அனுப்பினால்கூட 100 டன்னில் ஒரு டன் குப்பை வரலாம். சீனா 2018-இல் 0.5 சதவீதம் என்று இறுக்கி, 2021-இல் வேஸ்ட் இறக்குமதியையே நிறுத்தியபிறகு, அங்கே போக முடியாத சரக்கு நம் பக்கமும் திரும்பியது. எல்லாமே நல்ல சரக்கு என்று நினைக்காதீர்கள்.

எந்த ஓசிசி-யும் ஒன்றுதான் என்று போடுவது

ஒன்று இல்லை. அமெரிக்க ஓசிசி-யில் நீள நார் அதிகம். நம்மூர்ப் பெட்டியின் நார் ஏற்கனவே பலமுறை மில் சுற்றி வந்து குட்டையானது. 18 பி.எஃப். (பேப்பர் வெடிக்காமல் தாங்கும் பலத்தின் அளவு) ஆர்டர் ஓடும்போது கலவையை மாற்றினால் ஸ்ட்ரெங்த் இறங்கும், அவ்வளவுதான்.

பல்பரிலேயே எல்லாவற்றையும் கரைத்துவிடப் பார்ப்பது

இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் மறுபடி யாராவது செய்கிறார்கள், எனக்கு இன்னமும் கோபம் வருவது இதில்தான்.

ஒரு மில்லில் இரவு ஷிப்ட். அன்றைக்கு டேப்பும் லேபிலும் நிறைய ஒட்டிய பெட்டிகள் சரக்கில் வந்திருந்தன. பல்பரில் நின்ற தம்பி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பல்ப் (நார்க் கூழ்) எடுத்துத் தண்ணீர் கலந்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். அதுவரை சரி, நல்ல பழக்கம். டம்ளரில் பிரியாத பேப்பர் துணுக்குகளும், இடையே வெள்ளையாகச் சின்னச் சின்னக் கட்டிகளும் மிதந்தன. உடனே ஸ்டீம் வால்வைத் திறந்து சூட்டை ஏற்றினான், காஸ்டிக் சோடா கொஞ்சம் கூட்டினான், ஓட்டும் நேரத்தையும் நீட்டினான். கொஞ்ச நேரம் கழித்து டம்ளரில் பார்த்தால் பல்ப் சீராக, கட்டியே இல்லாமல் இருக்கிறது. பிரச்சினை தீர்ந்தது என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

காலை ஷிப்டில் ஒயரில் அங்கங்கே கண் அடைக்க ஆரம்பித்தது. அடைத்த இடத்தில் பேப்பரில் ஓட்டை, ஓட்டை வந்த இடத்தில் பேப்பர் அறுந்து பிரேக். பிரஸ்ஸில் பேப்பரைத் தாங்கும் ஃபெல்ட் துணியைத் தொட்டால் விரலில் பிசுக்கு. டிரையர் சிலிண்டரில் பழுப்புத் திட்டுகள், சிலிண்டரைச் சுரண்டும் டாக்டர் பிளேடு சுரண்டச் சுரண்ட மறுபடி படிந்தது. மெஷினை நிறுத்தி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள், ஓட்டினார்கள், மறுபடி பிரேக். பிரேக்கில் விழுந்த பேப்பர் எங்கே போகும்? திரும்பப் பல்பருக்குத்தான், அந்தப் பசையையும் சுமந்துகொண்டு.

என்ன நடந்தது என்றால், டம்ளரில் பார்த்த அந்த வெள்ளைக் கட்டி பெட்டியை மூட ஒட்டும் ஹாட்மெல்ட் பசை, லேபிலின் பின்னால் இருக்கும் பசை. இவை தண்ணீரில் கரையவே கரையாது. சூடு ஏறினால் இளகும், ரோட்டர் அடிக்க அடிக்கத் தூளாகும். கட்டியாக இருந்தவரை 0.20 மில்லிமீட்டர் ஸ்லாட் ஸ்கிரீன் அதைப் பிடித்து ரிஜெக்டில் (வெளியே தள்ளும் கழிவில்) தள்ளியிருக்கும். தூளானபிறகு எந்த ஸ்கிரீனும் பிடிக்காது, சுழற்றி எடை வித்தியாசத்தில் பிரிக்கும் சென்ட்ரிக்ளீனரும் பிடிக்காது, ஏனென்றால் அதன் எடை ஏறக்குறைய தண்ணீரின் எடைதான். கண்ணுக்குத் தெரியாமல் நாரோடு போய், மெஷினில் சூடோ பி.எச்.-ஸோ மாறும் இடத்தில் ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி கட்டியாகும். நம் பக்கம் மில் தண்ணீரை வெளியே விட வழியில்லை, ஒரே தண்ணீர்தான் சுற்றிச்சுற்றி வருகிறது, அதனால் உள்ளே புகுந்தது சீக்கிரம் வெளியேறாது. டால்க் பவுடர் போட்டால் பசையின் மேல் படிந்து ஒட்டும் தன்மையைக் குறைக்கும், ஆனால் பசை உள்ளேயேதான் இருக்கும்.

பல்பரின் வேலை நாரைப் பிரிப்பது மட்டும்தான். குப்பையை அது அரைக்கவே கூடாது, முழுசு முழுசாக வெளியே விட வேண்டும். கம்பி, கட்டுக்கயிறு, டேப், பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் சுழலில் முறுக்கிக்கொண்டு தடித்த சடை மாதிரி, அதை இழுத்தெடுக்கும் ராகர் வழியாக மெதுவாக மேலே ஏறி வருவதை நின்று பாருங்கள். அதில் டேப் நீளநீளமாக வந்தால் பல்பர் ஒழுங்காக ஓடுகிறது. பொடிப்பொடியாக வந்தால் எங்கோ அதிகமாக அடிக்கிறீர்கள். சாதாரண ஓசிசி-க்கு சூடு 45 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள். பிரியாத பேப்பர் துணுக்கு கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும், அதைப் பிரிக்கப் பின்னால் டீஃப்ளேக்கர் இருக்கிறது. பசை எட்டிப்பார்க்கிறது என்றால் அந்த பேல்களைத் தள்ளிவைத்து நல்ல சரக்கோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து போடுங்கள், ஸ்கிரீனில் ரிஜெக்டைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிடுங்கள். ரிஜெக்டோடு கொஞ்சம் நாரும் போகும்தான். அந்த நாரின் விலையையும், மெஷின் நிற்கும் ஒரு மணி நேரத்தின் விலையையும் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

அந்தத் தம்பியை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை, அது நல்ல விஷயம். ஆனால் டம்ளரில் கட்டி தெரியாவிட்டால் பல்ப் சுத்தம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இன்னமும் அதையேதான் புதியவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

அடைப்பெடுக்கத் தொட்டிக்குள் இறங்குவது

இறங்காதீர்கள். தேங்கிய பல்ப் அழுகினால் ஹைட்ரஜன் சல்பைடு வரும், அதிகமானால் அதன் வாசனையே மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். காற்றைச் சோதிக்காமல், பெர்மிட் இல்லாமல், வெளியே காவலுக்கு ஆள் இல்லாமல் யார் சொன்னாலும் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டார் என்று அப்படியே குதிக்கவும் கூடாது.

ஸ்ட்ரெங்த் வரவில்லை என்று ரிஃபைனரை இறுக்குவது

ரிஃபைனர் என்பது நாரைத் தட்டுகளுக்கு நடுவே தேய்க்கும் மெஷின். அதை இறுக்குவது புது நாருக்குச் சரி. ஆனால் ஒருமுறை டிரையரில் காய்ந்த நார் முதல் தடவை மாதிரி தண்ணீர் குடித்து உப்பாது. அதைப் போட்டு இறுக்கினால் நார் வெட்டுப்பட்டுத் தூள்தான் அதிகமாகும். ஒயரில் தண்ணீர் வடியாது, பிரஸ்ஸுக்கு ஈரமாகப் போகும், டிரையரில் ஸ்டீம் செலவு ஏறும், மெஷின் ஸ்பீடைக் குறைக்க வேண்டிவரும், பி.எஃப். கொஞ்சம் ஏறினாலும் கிழிபடும் தன்மை மோசமாகும். லேசாகப் பிரஷ் செய்கிற அளவுக்கு ஓட்டுங்கள். மீதி ஸ்ட்ரெங்த்தை நீள நார் கலவையிலும் சைஸ்பிரஸ்ஸில் பேப்பர் மேல் பூசும் ஸ்டார்ச்சிலும் தேடுங்கள்.

ஏடிஎம் ரசீது, பில் ரோல்

தெர்மல் பேப்பர். பிஸ்ஃபீனால் என்ற கெடுதலான கெமிக்கல் இருக்கலாம், அது அப்படியே அடுத்த பேப்பருக்குப் போகும். பல்பரில் போடாதீர்கள்.

மறுசுழற்சிப் பேப்பரைப் பலகாரத்துக்கு நேரடியாகக் கொடுப்பது

கூடாது. அச்சு மையில் உள்ள மினரல் ஆயில் எண்ணெய்ப் பண்டத்துக்குச் சுலபமாக இறங்கும்.

பழைய செய்தித்தாளை யார்டில் போட்டுவைப்பது

காகிதபுரம் டிஎன்பிஎல் போன்ற பெரிய இடங்களில் மை நீக்கத் தனி பிளாண்டே உண்டு. சின்ன இடங்களில் சின்ன அளவில் முயல்கிறவர்கள் முதலில் இடறுவது கெமிக்கலில் இல்லை, யார்டில்தான். செய்தித்தாள் மை நாளாக ஆக, அதுவும் வெயிலில், நாரோடு இறுகிப்போகும், அப்புறம் எவ்வளவு சோப்பும் நுரையும் கொடுத்தாலும் விடாது. பல்ப் சாம்பல் நிறமாகவே நிற்கும். அப்போது காஸ்டிக்கைக் கூட்டுவார்கள். செய்தித்தாளில் மரத்தை அப்படியே அரைத்த நார் இருக்கும், பெராக்சைடு இல்லாமல் காஸ்டிக் மட்டும் ஏறினால் அது மஞ்சளாகும். முதலில் வந்த லோடை முதலில் போடுங்கள், கூரைக்குக் கீழே வையுங்கள். சித்திரையில் வந்த கட்டு ஆடியிலும் வெயிலில் கிடந்தால், அதை மை நீக்க அனுப்பாமல் கிரேபோர்டின் நடு லேயருக்கு ஒதுக்கிவிடுங்கள்.