வழக்குரை படிக்கும் இரவில் எங்கே இருந்து கேட்பது

வைகாசி பிறந்தால் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், ஆரையம்பதி என்று எங்கள் கிழக்கிலங்கைப் பக்கமெல்லாம் கண்ணகை (கண்ணகி) அம்மன் சடங்குதான். மடைப்பெட்டி என்கிற படையல் பெட்டி, நேர்த்தியெல்லாம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித் தருவார்கள். கண்ணகி கதையைப் பாட்டாகச் சொல்லும் வழக்குரையைக் கோயிலில் படிக்கும்போது என்ன செய்யலாம் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

தெரிந்த கதைதானே என்று, கடைசியில் அம்மனைக் குளிர வைக்கும் குளிர்த்திக்கு மட்டும் போகாதீர்கள். கொலைக்களக் காதையும் வழக்குரைத்த காதையும் எப்போது படிப்பார்கள் என்று கோயிலில் கேட்டுவைத்து, பாயோடு போங்கள். போன் வீட்டிலேயே கிடக்கட்டும்.

அம்மன் சிலம்போடு பாண்டியன் முன்னால் வரும்போது எல்லாரும் அம்மன் பக்கம் சேர்ந்துவிடுவோம். எனக்கும் இப்படித்தானே அநியாயம் செய்தார்கள் என்று கண்ணீர் வரும். வரட்டும். அப்புறம் பாண்டியன் இடத்தில் இருந்து கேளுங்கள். அவன் கொடியவன் இல்லை. தட்டான் சொன்னதை நம்பினான், கோவலனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. உங்களையே கேளுங்கள்: யார் பேச்சைக் கேட்டு மச்சாளோடு கதைப்பதை நிறுத்தினேன்? அவளிடம் கேட்டேனா?

தட்டான் இடம் இன்னும் கஷ்டம். தன் களவை வேறொருவன் தலையில் போட்டவன் அவன். வரம்பைத் தள்ளி வெட்டிவிட்டுப் பக்கத்து வயற்காரனைக் குறை சொன்னது, அறுவடைக் கூலியைக் குறைத்துவிட்டு மழையைச் சாட்டியது எல்லாம் இதில் சேரும். (இந்த நேரம் பார்த்துச் சிலருக்குத் தேத்தண்ணி விடாய் வரும்.)

நீங்கள் அநியாயம் செய்த ஒரேயொருவர் பெயரோடு வீட்டுக்கு வாருங்கள். நிறையப் பெயர் சேர்த்தால் ஒன்றும் நடக்காது.

குளிர்த்திக்கு முன்னமே அந்த ஆளிடம் போகவேண்டும். மதுரை எரிந்த பிறகுதான் அம்மனைக் குளிர வைத்தார்கள். வழக்கு முதலில், குளிர்ச்சி கடைசியில். கூலியை மடியில் வைத்துக்கொண்டு குளிர்த்தித் தண்ணீருக்குக் கை நீட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காசென்றால் காசைக் கொடுங்கள், விளக்கம் வேண்டாம். பழிச்சொல் என்றால், யார் முன்னால் சொன்னீர்களோ அவர்கள் முன்னாலேயே திருத்திச் சொல்லுங்கள். ஆள் இறந்திருந்தால் பிள்ளைகளிடம் போங்கள். ஏசினால் கேட்டுக்கொண்டு வாருங்கள். அம்மன் பெயரைச் சொல்லி மன்னிப்பை மட்டும் பிடுங்காதீர்கள், அது இன்னொரு அநியாயம்.

முந்தின கிழமையே போவது நல்லது. குளிர்த்தியன்று யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள்.