பழைய வாய்க்கால், வரம்புகளை ஆராய்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய், தம்பலகாமம், மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி என்று எந்தப் பக்கம் போனாலும் காட்டுக்குள்ளும் வயலோரத்திலும் தூர்ந்துபோன வாய்க்கால்களும் பழைய வரம்புகளும் கிடக்கின்றன. கல்வெட்டும் கோயில் இடிபாடும் தேடிப் போகிறவர்கள் இவற்றை மிதித்துக்கொண்டுதான் போகிறார்கள். ஒரு ஊர் தன் தண்ணீரையும் காணியையும் எப்படிப் பங்கிட்டது என்பதற்கு இவைதான் நேரடிச் சாட்சி. அண்மைக் காலத்தில் இளம் ஆட்கள் பலர் இதில் ஆர்வம் காட்டுவது நல்ல விஷயம். ஆனால் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதலாவதும் பெரியதும், வாய்க்காலுக்குள் கிடைத்த மட்பாண்ட ஓட்டுத் துண்டை வைத்து வாய்க்காலுக்கே வயது சொல்வது. வாய்க்கால் என்பது வெட்டப்பட்ட வெற்றிடம். நமக்குக் கிடைப்பது அதற்குள் பிறகு வந்து படிந்த மண். பெரும்போக நெல் விதைப்புக்கு முன்னர், தண்ணீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை ஆட்களைக் கூட்டி வாய்க்கால் துப்புரவு செய்வித்த ஊர்கள் இவை. ஒவ்வொரு துப்புரவிலும் பழைய வண்டல் கரைக்கு அள்ளி வீசப்படும். ஆகவே ஆயிரம் வருடத்துக்கு முன் வெட்டி, நூறு வருடத்துக்கு முன்வரை பாவித்த வாய்க்காலின் அடியில் இருப்பது அந்தக் கடைசித் துப்புரவுக்குப் பிந்திய சேறுதான். மறுபக்கமும் உண்டு: மேட்டில் இருந்த பழைய குடியிருப்பின் ஓடுகள் மழையில் அரித்து வந்து நேற்று வெட்டிய கிடங்கிலும் விழும். ஒரு அடுக்கில் கிடைத்த ஓடு, அந்த அடுக்கு ‘இதற்கு முன்னர் படியவில்லை’ என்று மட்டுமே சொல்லும். அதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

அப்படியானால் எங்கே பார்ப்பது? கரையின் அடியில். வாய்க்கால் வெட்டிய மண்ணைக் கரையாகப் போட்டபோது, அன்றைய நிலத்தின் மேற்பரப்பு அதற்குள் மூடுண்டு போயிருக்கும். அந்தப் புதைந்த மண்ணில் உள்ள ஓடும் கரியும் கரை எழும்பியதற்கு முந்தியவை அல்லது அதே காலத்தவை. பலர் பள்ளத்தை மட்டும் வெட்டிப் பார்த்துவிட்டுக் கரையைத் தொடாமலே வருகிறார்கள். இதில் எனக்கு எப்போதும் கோபம் வரும். வெட்டுமுகம் வாய்க்காலுக்குச் செங்குத்தாக, இரண்டு பக்கக் கரையையும் ஊடறுத்துப் போக வேண்டும். சரிவாக வெட்டினால் அகலமும் அடுக்குகளின் சாய்வும் பொய்யாகத் தெரியும். அதேபோல 10 சென்ரிமீற்றர், 20 சென்ரிமீற்றர் என்று மட்டமாக அள்ளிக்கொண்டு போவதும் சரியில்லை. வாய்க்கால் படிவுகள் கிண்ணம்போல வளைந்து கிடப்பதால், மட்டமாக வெட்டுகிறவர் மூன்று காலத்து மண்ணை ஒரே பைக்குள் போட்டுவிடுவார்.

இரண்டு வாய்க்கால்கள் சந்திக்கும் இடத்தை விட்டுவிட்டு நடுவில் வெட்டுவதும் வழக்கம். சந்திப்பில்தான் எது எதை வெட்டிப் போகிறது என்று தெரியும். வருடம் தெரியாவிட்டாலும் முன்பின் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அகழ முடியாது, சொந்தக் காணியாக இருந்தாலும். அனுமதி இல்லாதவர்கள் செய்யக்கூடியது ஏற்கனவே வெட்டுப்பட்டதைப் பார்ப்பது. பெக்கோ இயந்திரம் வீதிக்காக வெட்டிய ஓரம், புதிதாகத் தோண்டிய கிணறு, வெள்ளத்தில் உடைந்த கரை. அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம். சுரண்டி எடுத்துச் சட்டைப்பையில் போட்ட ஓட்டால் யாருக்கும் பயனில்லை.

அடுத்து, புதியதைப் பழையதென்று நினைப்பது. எங்கள் மாவட்டத்தில் இது மிக எளிது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் தாக்கிய துறைமுகம் இது. அந்தக் காலத்தில் பாதுகாப்புக்கு வெட்டிய கிடங்குகள் இன்னும் பற்றைக்குள் இருக்கின்றன. பிறகு கந்தளாய், அல்லை குடியேற்றத் திட்டங்களின் நேர்கோட்டு வாய்க்கால்கள். பிறகு போர்க்காலத்து மண் அணைகளும் பங்கர்களும், யானை வராமல் வெட்டிய அகழிகளும். ஒரு பெருமழை பெய்து பற்றை மூடினால் எல்லாம் பழசாகத்தான் தெரியும். 1956 இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு எடுத்த வான்படங்களையும் நில அளவைத் திணைக்களத்தின் பழைய ‘ஒரு மைலுக்கு ஒரு அங்குலம்’ வரைபடங்களையும் முதலில் பாருங்கள். 1956 படத்தில் இல்லாத வாய்க்கால் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தது. காடு மூடிய இடமாக இருந்தால் மட்டும் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

மூதூர், வெருகல் பக்கம் வேறொரு சிக்கல். மகாவலி தன் கிளைகளை மாற்றி மாற்றி ஓடிய இடம் அது. கைவிட்ட ஆற்றுப்படுக்கை பார்வைக்கு வாய்க்கால்போலவே இருக்கும். ஆறு சரிவில் இறங்கும், வெட்டிய கால்வாய் சமவுயரக் கோட்டை ஒட்டிப் போகும். அதனால் மட்டம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மட்டம் என்றால் போனில் தெரியும் உயரம் இல்லை. அநுராதபுரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன ஜயகங்கையின் முதல் பகுதி ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர்தான் இறங்குகிறது. சில மீற்றர் பிழை உள்ள செய்மதி உயரத்தை வைத்து இதைப் பிடிக்க முடியாது. இன்னொன்று, பழைய கால்வாய்கள் பலவற்றுக்குக் கரை ஒரு பக்கம் மட்டும்தான். மேட்டுப்பக்கம் திறந்தே கிடக்கும். மற்றக் கரையைத் தேடிக் காணாமல் ‘இது வெறும் வரம்பு’ என்று விட்டுவிடுவார்கள்.

மாதிரி எடுப்பதில் சொல்ல அதிகமில்லை. நண்டு வளைக்கும் எலி வளைக்கும் கறையான் புற்றுக்கும் அருகில் கரி எடுக்காதீர்கள். அது எந்த அடுக்கிலிருந்தும் வந்திருக்கலாம். மண் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்று அளக்கும் ஒளித்தூண்டல் முறையில் காலம் பார்க்க எடுக்கும் மண்ணில் வெளிச்சம் பட்டால் அது வீண்.

‘இது யாருடையது?’ என்று தொடங்குவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. கந்தளாய்க் குளத்தைக் ‘கோணேசர் கல்வெட்டு’ என்ற பழைய நூல் குளக்கோட்டன் என்ற மன்னனோடு சேர்க்கும். சிங்கள மரபு அக்கபோதி மன்னனோடு சேர்க்கும். அந்த மரபுகளை எழுதி வைக்கத்தான் வேண்டும், ஆனால் மரபாக. 1986 ஏப்ரல் 20 இல் உடைந்து திருப்பிக் கட்டிய அணைக்கட்டின் மேல் நின்றுகொண்டு, காலில் படும் மண் எந்த அரசனுடையது என்று வாதாடுவதில் என்ன இருக்கிறது? சோழர் காலத்து நிலாவெளிக் கல்வெட்டு கோணேசர் கோயிலுக்கு 250 வேலி (பழைய நில அளவு) நிலம் கொடுத்ததைச் சொல்கிறது என்பதற்காக, அந்தப் பக்கத்து வரம்பெல்லாம் சோழர் காலத்து எல்லை ஆகிவிடாது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் பயமும் இருக்கிறது. ஓடு கிடைத்தது என்று தெரிந்தால் காணி போய்விடுமோ என்று கமக்காரர் நினைக்கிறார். அந்த நினைப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. எதற்கு வந்தோம், யார் அனுப்பினார்கள், கிடைப்பதை யாரிடம் கொடுப்போம் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அப்புறம் கேட்கும் விதம். “இது பழைய வாய்க்கால்தானே ஐயா?” என்றால் ‘ஓம்’ என்றுதான் பதில் வரும். “இதில எப்பவாவது தண்ணி ஓடினதா, எந்தப் பக்கம் ஓடினது?” என்று கேட்டால், எந்தத் துண்டு எப்போது மூடப்பட்டது என்பதுவரை கதை வரும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கே இருந்தது என்பதையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

வெட்டியதை மூடுவதையும் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. சிறுபோக நெல்லை அறுத்த பிறகு வேலையைத் தொடங்கி, ஒக்டோபர் மழைக்கு முன் முடித்துவிட வேண்டும். வெட்டின் அடியில் பொலித்தீன் விரித்தால் அடுத்து வருகிறவருக்கு எல்லை தெரியும். மண்ணை ஒரேயடியாகத் தள்ளாமல் அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்து இறுக்குங்கள். கரையை ஊடறுத்த வெட்டு என்றால் இன்னும் கவனம் வேண்டும். இறுக்காத மண் முதல் மழையிலேயே கரைந்து, கீழ் வயல்காரரின் விதைப்பை அள்ளிக்கொண்டு போகும்.