முளைக்குள் ஆக்ஸின்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அப்பா செம்பனை (எண்ணெய்ப் பனை) நர்சரியில் பைக்கு மண் நிரப்புவார், மகள் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வின் உயிரியலுக்கு ஆக்ஸின் என்ற தாவர ஹார்மோனை மனப்பாடம் செய்வாள். இரண்டும் ஒரே பாடம்தான். ‘ஆக்ஸின் வளர்ச்சி ஊக்கி’ என்பதோடு நிறுத்திக்கொண்டால் பரீட்சையிலும் பிழை வரும், பையிலும் பிழை வரும். முளையின் எந்தப் பக்கத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

விடைத்தாளில் அடிக்கடி வரும் தவறு: “வெளிச்சம் பட்ட பக்கத்தில் ஆக்ஸின் அழிந்துவிடுகிறது.” அழிவதில்லை, இடம் மாறுகிறது. 1926-இல் ஹாலந்தில் ஃப்ரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டி அகார் துண்டின் மேல் வைத்தார். நம் வீட்டில் கலர் கலராகச் செய்கிறோமே, அதே அகார்-அகார் ஜெல்லிதான். நுனியில் இருந்த ஆக்ஸின் அதற்குள் இறங்கியது. அந்தத் துண்டை, நுனி வெட்டிய முளையின் ஓரத்தில் ஒட்டவைத்ததும், இருட்டிலேயே முளை எதிர்ப்பக்கம் வளைந்தது. 1957-இல் வின்ஸ்லோ பிரிக்ஸ் குழுவினர் மக்காச்சோள முளையில் அளந்து பார்த்தார்கள். வெளிச்சத்தில் இருந்த நுனியும் இருட்டில் இருந்த நுனியும் மொத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவு ஆக்ஸினைத் தந்தன. ஒரு பக்கமாக வெளிச்சம் பட்டால் நிழல் பக்கத்துக்குக் கூடுதலாகப் போகிறது. அங்குள்ள செல்கள் அதிகம் நீள்வதால் முளை வெளிச்சத்தை நோக்கிச் சாய்கிறது.

சாயும் இடத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நுனியை மூடினால் முளை வளைவதில்லை என்று டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-லேயே எழுதிவிட்டார்கள். உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே.

தண்ணீர் மாதிரி ஆக்ஸின் தானாகக் கீழே வடிவதும் இல்லை. தண்டுச் செல்களின் அடிப்பக்கத்தில் உள்ள ‘பின்’ (PIN) என்ற புரதங்கள் அதை வெளியே அனுப்புகின்றன; மணிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் நகரும். செம்பருத்திக் குச்சியைத் தலைகீழாக நட்டாலும் ஆக்ஸின் பழைய அடிப்பக்கத்துக்கே போகும். ஆகவே வேர்ப்பொடியை (அதில் இருப்பதும் ஆக்ஸின் வகைதான்) அந்த முனையில் தொடுங்கள், அதுவும் கொஞ்சமாக.

‘கொஞ்சமாக’ என்பதற்குக் காரணம் உண்டு. பச்சைப்பயறு முளையை இரவில் ஈரத்துணியில் படுக்கவைத்துக் காலையில் பாருங்கள்: தண்டு மேலே நிமிர்ந்திருக்கும், வேர் கீழே வளைந்திருக்கும். இரண்டிலும் ஆக்ஸின் தரையைப் பார்த்த கீழ்ப்பக்கம்தான் சேர்ந்தது. தண்டை நீட்டுகிற அளவு வேரின் நீட்சியைத் தடுத்துவிடுகிறது.

இப்போது பைக்கு வருவோம். முளைவிட்ட செம்பனை விதையைத் தலைகீழாகப் புதைத்துவிட்டு, “எப்படி வைத்தாலும் நேராகிவிடும்” என்கிறார்கள். குருத்து திரும்பி மேலே வரத்தான் பார்க்கும். ஆனால் முறுக்கிக்கொண்டு வரும், அந்தக் கன்று பெரும்பாலும் கழிவில் போகும். கூரான வெளிர் முனை குருத்து, அது மேலே இருக்கட்டும். மழுங்கிய, பழுப்பேறிய முனை வேர், அது கீழே. எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாவிட்டால் விதையை ஈரம் காயாமல் இன்னும் சில நாள் வைத்திருந்து, முனைகள் பிரிந்து தெரிந்த பிறகு நடுங்கள்.