கல்யாண வீடியோவை யூடியூபில் ஏற்றப் போகிறீர்களா?

பாட்டை முப்பது வினாடிக்குக் குறைவாகப் போட்டால் பதிப்புரிமைப் பிரச்சினை இல்லை என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. "பாட்டு எனக்குச் சொந்தமில்லை" என்று கீழே எழுதிவிட்டாலும் அனுமதி வாங்கியதாகாது.

ஒரு பாட்டில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு என்று தனித்தனி உரிமைகள் உண்டு. எழுதியவரும் இசையமைத்தவரும் மறைந்து 60 ஆண்டு வரை அவர்கள் படைப்புக்குப் பாதுகாப்பு. ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 ஆண்டு. தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவர் கீர்த்தனையை நீங்களே பாடித் தாராளமாக ஏற்றலாம். போன வருடம் ஒரு வித்வான் பாடி வெளியிட்ட பதிவை எடுத்துப் போட்டால் கதை வேறு. பாரதியார் பாட்டிலும் இதே சிக்கல்தான்: வரிகள் பொதுச் சொத்து, சினிமாவுக்காகப் போட்ட மெட்டு அப்படியல்ல.

கல்யாணத்தில் பாட்டு ஒலிக்கவிட, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவில் விலக்கு தருகிறது. ஆனால் அது மண்டபத்தோடு சரி. அதே பாட்டோடு வீடியோவை இணையத்தில் ஏற்ற அந்த விலக்கு உதவாது.

யூடியூபில் உரிமைகோரல் வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், சில சமயம் வீடியோ முடக்கப்படும். ஸ்ட்ரைக், அதாவது பதிப்புரிமை மீறலுக்கு யூடியூப் தரும் எச்சரிக்கைதான் ஆபத்து, 90 நாளுக்குள் மூன்று வந்தால் சேனலே பறிபோகலாம். பின்னணிக்கு யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது. அதிலும் சிலவற்றுக்குக் கலைஞர் பெயரைக் குறிப்பிட வேண்டும், உரிம விவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நண்பருக்குப் பாட்டு அனுப்ப எம்பி3 கோப்பு எதற்கு? லிங்க் போதுமே.