செட்டிநாட்டு வீடுகளைப் படமெடுக்கும்போது சட்டகத்தை அமைப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஆகிய ஊர்களின் நகரத்தார் வீடுகளைப் படமெடுக்க வருவோரில் பலர், தூண், விதானம், தரை, நிலைக்கதவு என அனைத்தையும் ஒரே படத்துக்குள் அடக்க முயல்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் கண் எங்கும் நிலைகொள்வதில்லை. எனவே எதைக் காட்டப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு உதவாதவற்றைச் சட்டகத்துக்கு வெளியே விட வேண்டும்.

இவ்வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது சமச்சீர் அமைப்பே. முகப்பும், திறந்த முற்றத்தைச் சுற்றியமைந்த வளவும், பின்கட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பதால், பல வீடுகளில் தலைவாசலில் நின்றாலே பின்வாசல் வரை பார்வை செல்லும். அந்த நேர்கோட்டின் நடுவில் நின்று, கைப்பேசியில் கட்டக்கோடுகள் திரையில் தெரியும்படி அமைத்து, நிலைக்கதவின் இரு பக்கங்களும் சட்டகத்தின் ஓரங்களிலிருந்து சம தொலைவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒரு சாண் விலகினாலும் பிழை பளிச்சென்று தெரியும். உயரத்தைப் பிடிப்பதற்காகக் கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் தூண்கள் உட்புறமாகச் சரிவதுபோல் தோன்றும் என்பதால், அதை நேராகப் பிடித்தபடி பின்னால் நகர்வதே நல்லது. திரையில் வளவின் வெளிச்சமான பகுதியைத் தொட்டு ஒளியளவை அமைத்தால், முன்னுள்ள நடைவழி இருண்டு, அதன் நிலைக்கதவே படத்துக்குள் இன்னொரு சட்டமாகிவிடும்.

திண்ணையில் அமர்ந்திருப்பவரைப் படமெடுக்கும்போது அணுகுமுறை மாறுகிறது. சட்டகத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரிக்கும் கோடுகள் வெட்டிக்கொள்ளும் நான்கு புள்ளிகளுள் ஒன்றில் அவர் முகத்தை வைத்து, அவர் பார்க்கும் திசையில் இடம் விட வேண்டும். இவை மக்கள் வாழும் வீடுகள். அனுமதி கேட்ட பின்னரே கேமராவை எடுப்பது முறை. நேர்கோட்டு வாசல்களைப் படமெடுக்கும்போது இந்த மூன்றிலொரு பங்கு விதியை வலிந்து புகுத்துவது அந்த வீட்டின் ஒழுங்கையே குலைத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஆத்தங்குடித் தரையை, அதாவது ஆத்தங்குடி ஊரின் பூவேலைத் தரைக்கற்கள் பதித்த தரையை, இருவகையில் எடுக்கலாம். பூவேலையை மட்டும் காட்ட விரும்பினால், நேர்மேலிருந்து கல்லின் விளிம்புகள் சட்டகத்துக்கு இணையாக இருக்கும்படி எடுக்க வேண்டும். கூடத்தின் நீளத்தைக் காட்ட, முழங்கால் உயரத்துக்குத் தாழ்ந்து, ஓரக்கட்டின் வரிசை மூலையிலிருந்து உள்நோக்கி ஓடும்படி அமைத்தால், கண் அதைத் தொடர்ந்து செல்லும். கண்ணாடித் தகட்டின்மேல் வார்க்கப்படும் கற்கள் என்பதால் மேற்பரப்பு வழவழப்பாக இருந்து சன்னல் ஒளியைப் பிரதிபலிக்கும். அந்தக் கூச்சம் மறையும் வரை பக்கவாட்டில் நகர்ந்து பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே ஊருணிக் கரையில் படமெடுத்தால், படத்தில் நீர்மட்டக் கோடு சாயாமல் இருந்தாலே போதும்.

பொத்தானை அழுத்துமுன் சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பாதி வெட்டுப்பட்ட நெகிழி நாற்காலியும் குறுக்கே ஓடும் மின்கம்பியும் ஓரடி நகர்ந்தாலே பெரும்பாலும் மறைந்துவிடும்; மறையாத பொருள்களை வீட்டாரிடம் கேட்டு நகர்த்திவிட்டு, படமெடுத்ததும் அவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும்.