முறுக்கு டப்பாவில் ஒரு சீட்டு

தீபாவளிப் பலகாரம் கொடுக்கும்போது டப்பா மூடியில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "அரிசி மாவு, உளுந்து, எள், கூட்டுப் பெருங்காயம் (கோதுமை மாவு கலந்தது). சீலியாக் நோய் உள்ளவர்கள் சாப்பிட வேண்டாம்."

முறுக்கில் கோதுமை ஏது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் நமக்கு வேண்டும். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். அதிலுள்ள குளூட்டன் என்ற கோதுமைப் புரதம் கொஞ்சம் போனாலும் சீலியாக் நோயில் சிறுகுடலின் உட்சுவர் சேதமாகும். சோமாசி பொரித்த எண்ணெயிலேயே முறுக்கு சுட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். ரவா லட்டுக்கும் சீட்டு வேண்டும். ரவையும் கோதுமைதான், பலருக்குத் தெரியாது.

வெறும் வாயுத் தொல்லைக்கும் பால் ஒவ்வாமைக்கும் இந்தச் சீட்டு பொருந்தாது. சீட்டைப் படித்து, தமக்கும் சீலியாக் நோய் இருக்குமோ என்று சந்தேகம் வந்தவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், நோய் இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம்.