குளக்கட்டில் நாயோடு நடப்பது: வன்னிக்கு வந்து குடியேறுவோருக்கு

கனடாவின் கல்கரியில் போ (Bow) ஆற்றங்கரையிலோ சுவிற்சர்லாந்தின் பேர்ணில் ஆரே ஆற்றங்கரையிலோ நடந்து பழகிய நாய்க்கு வன்னியில் முதல் மாதம் கொஞ்சம் சிரமம்தான். அங்கே தடம் போட்டு, பலகை நட்டு, மலம் அள்ளப் பையும் தொட்டியும் வைத்திருப்பார்கள். இங்கே அதெல்லாம் கிடையாது. அதற்காக நாயை முற்றத்தில் கட்டிப்போட்டே வைத்திருக்க வேண்டியதில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பெருநிலம் எங்கும் குளங்கள். ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு கட்டு, கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி ஒரு கிரவல் வீதி. நடப்பதற்கு இதைவிட நல்ல இடம் தேவையில்லை. எங்கே நடக்கக் கூடாது, எப்போது நடக்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் தடம். ஊர்ச்சனமும் மாடும் சைக்கிளும் தினமும் போய்வரும் தடத்தை விட்டு இறங்க வேண்டாம். போர் 2009இல் முடிந்தது, மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. முகமாலைப் பக்கம் நாட்டிலேயே பெரிய மிதிவெடி வயல்களில் ஒன்றாக இருந்தது. மக்கள் குடியிருக்கும் காணிகள் துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டவை. காட்டோரம், பழைய மண் அணைகள், பதுங்குகுழிகள் இருந்த பற்றைகள் அப்படியென்று எடுத்துக்கொள்ள முடியாது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்டால் அந்தப் பக்கமே வேண்டாம். பலகை இல்லை என்பதும் உத்தரவாதம் அல்ல. நாய் முயலைக் கண்டு பற்றைக்குள் பாயும், பின்னால் நீங்கள் ஓடுவீர்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. துருப்பிடித்த இரும்பாக எதையாவது கண்டால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி, கிராம அலுவலருக்கோ 119க்கோ சொல்லுங்கள்.

மிதிவெடியைவிட இன்று நாய்களுக்கு அதிகம் வினையாவது பன்றிக்கு வைக்கும் பொறிகள். வயலோரத்துச் சுருக்குக் கம்பி, கம்பியில் தட்டினால் வெடிக்கும் கட்டுத்துவக்கு, களவாக மின்சாரம் பாய்ச்சிய வேலிக் கம்பி, தீனிக்குள் ஒளித்து வைக்கும் பன்றிவெடி. கடைசியாகச் சொன்னது நாயின் வாயிலேயே வெடிக்கும், தாடை சிதறிப்போகும். ஆகவே வழியில் கிடக்கும் எதையும் வாயில் வைக்காத பழக்கம் இங்கே உயிர்காக்கும் பழக்கம். அந்தப் பயிற்சி இல்லாத நாய்க்கு வாய்க்கூடை போட்டே வெளியே கொண்டு போங்கள்.

கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீற்றர், தட்டையான நைலோன் பட்டி. இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு இந்த ஊருக்குச் சரிவராது. கட்டாக்காலி நாய் பாயும்போது அதைச் சுருட்டி எடுக்க நேரம் இருக்காது, மெல்லிய நூல் கையையும் அறுக்கும். கழுத்துப் பட்டியை விட நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் நல்லது. காரணம் வாய்க்கால். இரணைமடுவின் இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களைப் போலப் பெரிய வாய்க்கால்களில் கொங்கிரீட் போட்ட துண்டுகள் உண்டு. சரிவு செங்குத்து, பாசி பிடித்து வழுக்கும். உள்ளே விழுந்த நாய் நீந்தும், ஆனால் ஏற மாட்டாது. ஹார்னஸின் முதுகுப் பிடியில் தூக்கலாம், கழுத்துப் பட்டியில் தூக்கினால் மூச்சு அடைக்கும். சிறுபோகத்துக்கோ காலபோகத்துக்கோ தண்ணீர் திறந்துவிட்ட நாட்களில் வாய்க்கால் பக்கமாக நீங்கள் நடந்து, நாயை வெளிப்பக்கம் விடுங்கள்.

வாய்க்கால் தண்ணீரை நாய் குடிக்கவும் விட வேண்டாம். மேல் வயலில் காலையில் அடித்த களைநாசினியும் பூச்சிமருந்தும் மதியம் கீழே வரும். ஒரு லீற்றர் போத்தலும் தட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும்.

நேரம் என்றால் நன்றாக விடிந்ததிலிருந்து காலை ஏழு வரை, மாலை ஐந்துக்குப் பிறகு. மே முதல் செப்டெம்பர் வரை ஏழரைக்கே கட்டு கொதிக்கத் தொடங்கும். புறங்கையைத் தார் வீதியில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. ஹஸ்கி போன்ற அடர்மயிர் நாய்களையும், பக், புல்டோக் போன்ற சப்பை மூக்கு நாய்களையும் இங்கே கொண்டுவராமல் இருப்பதே நல்லது. கொண்டுவந்தாயிற்று என்றால் காலையில் அரை மணித்தியாலம் போதும். மூச்சு இரைந்து, எச்சில் கயிறாக வடிந்து, கால் தள்ளாடினால் நடை முடிந்தது. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு உடனே கால்நடை வைத்தியரிடம். ஈரத் துணியைப் போர்த்தி வைப்பது பலரும் செய்யும் பிழை, அது சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும்.

இருள் விலகுமுன் போக வேண்டாம் என்பதற்கு யானை ஒன்றே போதுமான காரணம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, முத்தையன்கட்டு, வவுனிக்குளப் பக்கங்களில் யானை இரவில் தண்ணீருக்கு இறங்கி விடியும்போது காட்டுக்குத் திரும்பும், பல இடங்களில் குளக்கட்டைக் கடந்தே போகும். யானையைக் கண்ட நாய் குரைத்துக்கொண்டு முன்னே பாயும், யானை திரும்பினால் நேரே உங்களிடம் ஓடிவரும், யானை அதன் பின்னால் வரும். கட்டில் ஈரமான இலத்தி கிடந்தால் அன்றைக்கு அங்கேயே திரும்பிவிடுங்கள். வனஜீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.

குளத்துக்குள் நாயை இறக்க வேண்டாம். பந்தை எறிந்து நீந்தி எடுக்கச் சொல்லும் விளையாட்டெல்லாம் வெளிநாட்டோடு சரி. வன்னிக் குளங்களில் முதலை உண்டு. தண்ணீர் திறந்துவிடும் துருசுக்குப் பக்கத்து ஆழம், தாமரை மூடிய மூலை, அலைகரையில் மாடு தண்ணீர் குடிக்கும் சேற்றுப்பகுதி, இவை அது காத்துக்கிடக்கும் இடங்கள். நாயின் குரைப்பும் தண்ணீர் அடிக்கும் சத்தமும் முதலைக்கு அழைப்பு மாதிரி. தண்ணீர் விளிம்பிலிருந்து நாலைந்து மீற்றராவது தள்ளி, கட்டின் மேற்பரப்பிலேயே நடங்கள்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் விட உங்களுக்கு அன்றாடத் தலையிடி தரப்போவது கட்டாக்காலி நாய்கள். ஒவ்வொரு சந்திக்கும் ஒரு கூட்டம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு எல்லை. வீட்டு நாய்களும் பெரும்பாலும் அவிழ்த்துவிட்டபடிதான். புதுநாய் எல்லைக்குள் வந்ததும் நாலைந்து சேர்ந்து வரும். ஓடினால் துரத்தும். உங்கள் நாயைத் தூக்கினால் உங்கள் மீதே பாயும். நின்று, உங்கள் நாயைப் பின்னால் எடுத்து, கல் எடுப்பதுபோலக் குனியுங்கள். கல்லே தேவையில்லை, குனிந்தாலே முக்கால்வாசி நாய்கள் விலகும். கையில் ஒரு பூவரசந்தடி இருந்தால் மிச்சமும் விலகும். அடிக்க வேண்டாம், நிலத்தில் தட்டினால் போதும். கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவத்துக்கு வந்த மூன்று கிழமையும் வெளியே போகவே கூடாது, கூட்டம் வீடுவரை வந்து படலையில் படுத்துவிடும்.

இடங்களைச் சொன்னால், புதிதாக வந்தவர்களுக்கு நகரத்துக் குளங்களே தொடக்கம்: வவுனியாக் குளம், ஏ9 வீதிக்குப் பக்கத்தில் கிளிநொச்சிக் குளம். ஆள் நடமாட்டம் உண்டு, காட்டு விலங்கு குறைவு. இரணைமடுக் கட்டு விசாலமானது, கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் வேலை தொடங்கிய குளம், காலைக் காற்றுக்கு அதற்கு ஈடு இல்லை. ஆனால் குளம் நிரம்பி வான் பாயும் மார்கழி நாட்களில் சனமும் வாகனமும் திரளும். வான்கதவு திறந்தால் கீழே கண்டாவளைப் பக்கம் ஆற்றங்கரைகளுக்குப் போகவே கூடாது. 2018 டிசெம்பர் வெள்ளம் ஒரே இரவில் வந்தது. வரட்சி மாதங்களில் ஆற்றுப் படுக்கை மணலில் மருத மர நிழலோடு நடக்கலாம், நாய்க்குப் பாதமும் சுடாது. அதிலும் ஊர்த்துறைக்கு அண்மையில் மட்டும்.

முல்லைத்தீவுக் கடற்கரையும் நல்லது. வலை இழுக்கும் இடத்தை விட்டு நடங்கள். மணலில் தூண்டில் கொக்கி புதைந்திருக்கும், வலையிலிருந்து கழித்தெறிந்த, நஞ்சுள்ள பேத்தை மீனும் கிடக்கும். காய்ந்த பேத்தையும் நாயைக் கொல்லும்.

சுண்டிக்குளம் 2015 முதல் தேசியப் பூங்கா, கொக்கிளாய் பறவைகள் சரணாலயம். இவை நாயோடு போகும் இடங்கள் அல்ல. படைமுகாம் வேலியோரமும் அப்படியே. மாவீரர் துயிலும் இல்லங்களும் முள்ளிவாய்க்கால் கரையும் சனம் விளக்கு வைக்கும் நிலம், அங்கே நாயை உலாத்தினால் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், மனதில் வைத்துக்கொள்வார்கள். கட்டோரத்து ஐயனார், பிள்ளையார், வைரவர் கோயில்களை எட்டவே கடந்து போங்கள். வைரவருக்கு வாகனமே நாய்தானே என்று வாதாடலாம், ஐயர் ஒத்துக்கொள்ள மாட்டார். எதிரே வருகிறவர் ஒதுங்கினால் நாயைக் கிட்டப் பிடித்து வழிவிடுங்கள். “கடிக்காது அண்ணை” என்பதை இங்கே யாரும் நம்புவதில்லை, நம்பாததற்குக் காரணமும் இருக்கிறது. குளிக்கும் துறையில் நாயைக் குளிப்பாட்ட வேண்டாம். ஆட்டுப்பட்டி, கன்று போட்ட மாடு இரண்டையும் கண்டால் முன்கூட்டியே சுற்றிப் போங்கள். மலத்தைப் பையில் கட்டிப் பற்றைக்குள் எறிவதைவிட அள்ளாமலே விடலாம், பை உக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றிலிருந்து தள்ளிக் குழிதோண்டிப் புதையுங்கள்.

வீடு திரும்பியதும் பத்து நிமிடம் நாயின் உடம்பில் செலவழியுங்கள். விரல் இடுக்கில் நெருஞ்சி முள்ளும் புல் ஊசியும் இருக்கும், முள்ளுவாங்கியால் எடுங்கள். காதின் உட்புறம், அக்குள், வாலடியில் உண்ணி பார்க்க வேண்டும். தோலோடு ஒட்டிப் பிடித்து நேரே மெதுவாக இழுங்கள், மண்ணெண்ணெய் பூச வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சாப்பாட்டை விடும், பல்முரசு வெளிறும், சிலவேளை மூத்திரம் தேத்தண்ணி நிறமாகும். அது மறுநாள்வரை பொறுக்கும் வருத்தம் அல்ல. அரச கால்நடை வைத்தியர்கள் உண்டு, ஆனால் அவர்களின் வேலை பெரும்பாலும் மாடும் ஆடும் கோழியும். நாய்க்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இராது. உண்ணித் தடுப்பு மாத்திரையை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்திருங்கள்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் போட வேண்டும், நாயை உங்கள் பிரதேச சபையில் பதிவும் செய்யுங்கள். எலிக்காய்ச்சல் ஊசியையும் மழைக்கு முன் போட்டுவிடுங்கள். நடையில் உங்களை ஒரு நாய் கடித்தாலோ நகம் கீறினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி இலவசம். மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்ட வேண்டாம். கடித்த நாய் யாருடையது என்று விசாரித்து வையுங்கள், அதைப் 14 நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். சனம் கோபத்தில் அடித்துக் கொன்றுவிட்டால் கண்காணிக்க நாய் இராது, அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.